பொறுமையும் உரிமையும்: ஒரு புதிய காரின் 104 நாட்கள்

 

புதிதாக வாங்கிய பொருள் பழுதாகிவிடுகின்றது. சரிசெய்து தருவதாக எழுதிக் கொடுத்தவர்கள் மாதக்கணக்கில் நாள் கடத்துகின்றார்கள். இந்நிலையில் ஒரு முஃமின் செய்ய வேண்டியது என்ன? பொறுத்துப்போவதா, உரிமையைக் கேட்டு நிற்பதா? கேட்டு நிற்பதென்றால் எந்த எல்லை வரை? ஒரு காரின் காரணமாக இக்கேள்வி எங்கள் வீட்டிற்குள் வந்து அமர்ந்தது. சகோதரர்களாகிய நாங்கள் மூவரும் மூன்று விதமாக விடை சொன்னோம். பின்னர் எங்கள் மஹல்லாவின் ஆலிம் ஒருவரிடம் அமர்ந்து கேட்டும், நூல்களைப் புரட்டியும் அறிந்துகொண்டவற்றை, இதே நிலையில் இருப்போருக்குப் பயன்படலாம் என்ற எண்ணத்தில் பகிர்ந்துகொள்கின்றோம்.

வட்டிக் கடன் வாங்குவதில்லை என்பதில் எங்கள் வாப்பா வாழ்நாள் முழுவதும் உறுதியாக இருந்தார்கள். அந்த வழியிலேயே, மூவரும் நான்கு ஆண்டுகள் சேர்த்த பணத்தில் 11 லட்சத்திற்குச் சற்று மேல் கொடுத்து ஏழு பேர் அமரும் பெட்ரோல் கார் ஒன்றை வாங்கினோம். உம்மாவை வாரம் இருமுறை திருநெல்வேலிக்கு டயாலிசிஸ் சிகிச்சைக்கு அழைத்துச் செல்ல வேண்டியிருந்தது. அதுவே முதன்மையான தேவை. போகும்போது உட்கார்ந்து செல்பவர்கள், திரும்பும்போது படுத்துத்தான் வர முடியும். பின்னிருக்கையை மடக்கிப் படுக்கை விரிக்க இடமுள்ள வண்டியாகப் பார்த்து வாங்கியதன் காரணம் அதுதான்.

நான்காவது வாரத்தில், செய்துங்கநல்லூரைத் தாண்டிச் சென்றுகொண்டிருந்தபோது எஞ்சின் விளக்கு எரிந்து, வண்டி இழுவையை இழந்தது. ஆக்ஸிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் மாட்டுவண்டி வேகம்தான். ஓரம் கட்டி, அணைத்து, பத்து நிமிடம் கழித்து இயக்கியதும் ஒன்றுமே நடவாதது போல ஓடியது. அதன் பின்னர் இதே வாடிக்கையாயிற்று. சில நேரம் பதினைந்து நாள் வராது. சில நேரம் ஒரே நாளில் இருமுறை வரும். மெக்கானிக்குகள் அஞ்சும் பழுதுகளில் இவ்வகையே முதலாவது. நிரந்தரமாகக் கெட்டுப்போன பாகத்தைக் கண்டுபிடிப்பது எளிது. வந்து வந்து மறையும் பழுதோ, பணிமனைக்குள் நுழைந்ததும் நல்ல பிள்ளையாகிவிடும்.

முதல் முறை மூன்று நாள் வைத்திருந்து, பிரச்சினை எதுவும் காணப்படவில்லை என்று ஜாப் கார்டில் எழுதித் திருப்பித் தந்தார்கள். இரண்டாம் முறை ஸ்கேனரில் ஏதோ ஒரு எண் பதிவாகியிருக்க, திராட்டில் பாடியை மாற்றினார்கள். அடுத்து பெட்ரோல் பம்ப். அதன் பிறகு மென்பொருளைப் புதுப்பித்தார்கள். பின்னர் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டியையே மாற்ற வேண்டும் என்றார்கள். அது வந்து சேர மட்டும் 38 நாட்கள். மாற்றிய பின்னரும் பழுது அப்படியே இருந்தது. முதல் எட்டு மாதங்களில் ஏழு ஜாப் கார்டுகள். வண்டி பணிமனையில் நின்ற நாட்கள் 104. அந்நாட்களில் உம்மாவுக்காக வாடகைக் கார் பிடித்த வகையில், ஒரு நடைக்கு 2,200 வீதம் 30 நடைக்கு 66,000 ரூபாய் ஆயிற்று. டயாலிசிஸ் முடிந்து தளர்ந்திருக்கும் தாயை முன்பின் அறியாத காரின் குறுகிய இருக்கையில் மடக்கி உட்கார வைக்கும் வேதனைக்கு ரூபாய்க் கணக்கு கிடையாது.

இதனைக் கேள்விப்பட்ட உறவினர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். கண்ணேறு என்றார் ஒரு மாமி. கண்ணேறு உண்மை என்று நபி (ஸல்) அவர்கள் கூறியிருப்பதை நாம் நம்புகின்றோம். ஓதிப் பார்ப்பதும் நல்லதே. எனினும் ஒயரில் கோளாறு இருந்தால் ஓதிய பின்னர் ஒயரையும் பார்க்கத்தான் வேண்டும். எங்களுள் மூத்தவர், "இது நமக்கு எழுதப்பட்டது, அல்லாஹ்வுக்காக விட்டுவிடுவோம், சண்டை வேண்டாம்" என்றார். துபையில் இருக்கும் இளையவரோ, வண்டி நின்ற காட்சிகளையெல்லாம் படம்பிடித்து, அந்தப் பணிமனையின் பெயரையும் அங்குள்ள பணியாளர்களின் முகங்களையும் ஊரறிய வெளியிட வேண்டும் என்று குரல் செய்தி மேல் குரல் செய்தியாக அனுப்பினார். நடுவரின் யோசனை இன்னும் எளிமையானது: "ஓடுகின்ற நாளாகப் பார்த்து எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிடுவோம், காக்கா. வாங்குபவன் பாடு, கம்பெனி பாடு."

மூன்றையும் ஆலிமிடம் கொண்டு சென்றோம். அவர் மூத்தவரின் கருத்தைத்தான் முதலில் எடுத்துக்கொண்டார். அவரைப் பாராட்டவும் செய்தார். ஆனால் ஸப்ர் என்ற சொல்லை நாம் பல வேளைகளில் செயலின்மைக்குப் போர்வையாக்கிவிடுகின்றோம் என்றார். அய்யூப் (அலை) அவர்கள் தமக்கு நேர்ந்த துன்பத்தைத் தம் இறைவனிடம் முறையிட்டார்கள். அவ்வாறு முறையிட்டவரைத்தான் குர்ஆன் பொறுமையாளர் என்று புகழ்கின்றது. அல்லாஹ்வின் விதியின் மீது ஆத்திரப்படாமல் இருப்பதும், நாவையும் கையையும் வரம்பு மீறாமல் காப்பதுமே ஸப்ர். தவறிழைத்தவரிடம் உரிமையைக் கேளாதிருப்பது அதன் நிபந்தனையாக எங்கும் சொல்லப்படவில்லை. உரிமையைக் கேட்டுப் பெறும் நிலையில் இருந்துகொண்டு மனமுவந்து விட்டுக்கொடுத்தால் அது மன்னிப்பு, மிக உயர்ந்தது. கேட்பதற்குச் சோம்பியும் அஞ்சியும் விட்டுவிட்டு, வீட்டில் தினமும் புலம்பிக்கொண்டிருப்பதற்கு அந்தப் பெயர் பொருந்தாது. அத்துடன் பணம் மூவருக்கும் உரியது. ஒருவர் தம் பங்கை விட்டுக்கொடுக்கலாம். மற்ற இருவரின் பங்கையும் சேர்த்து விட்டுக்கொடுக்க அவருக்கு உரிமையில்லை என்றும் சொன்னார். மூத்தவர் சிரித்துவிட்டார்.

குறையுள்ள பொருள் குறித்து நம் ஃபிக்ஹு நூல்கள் எத்துணை விரிவாகப் பேசியுள்ளன என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. நபி (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே ஈரம் இருப்பதைக் கண்டு, நனைந்ததை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வியாபாரியைக் கேட்டு, ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என எச்சரித்த செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது; நாம் அனைவரும் பயான்களில் கேட்டதுதான். இவ்வடிப்படையில் சட்ட அறிஞர்கள் வகுத்ததே 'கியாருல் ஐப்' என்னும் உரிமை. வாங்கும்போது இருந்து, வாங்கியவருக்குத் தெரியாமல் இருந்த குறை பின்னர் வெளிப்பட்டால், அவர் பொருளைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தைப் பெறலாம். ஷாஃபிஈ மத்ஹபில் இவ்வுரிமையை, குறை தெரிந்ததும் தக்க காரணமின்றித் தாமதிக்காமல் பயன்படுத்த வேண்டும். குறை தெரிந்த பின்னரும் பொருளை இயல்பாகப் பயன்படுத்திக்கொண்டிருந்தால் உரிமை போய்விடும். ஹனஃபி மத்ஹபில் காலம் கடந்தது மட்டுமே உரிமையை நீக்குவதில்லை. குறையோடு ஏற்றுக்கொண்டதைக் காட்டும் சொல்லோ செயலோ இருக்க வேண்டும். வாங்கியவரிடம் வந்த பின் பொருளில் புதிய குறை ஏதேனும் ஏற்பட்டு, திருப்பித் தர இயலாமல் போனால், பழைய குறையால் குறைந்த மதிப்புக்கு ஈடாக ஒரு தொகையைப் பெறலாம். அதற்கு 'அர்ஷ்' என்று பெயர். ஹன்பலி மத்ஹபிலோ, பொருளை வைத்துக்கொண்டு ஈட்டைப் பெறுவதா, திருப்பிக் கொடுப்பதா என்பது தொடக்கத்திலேயே வாங்கியவரின் விருப்பம். ஒட்டகமும் குதிரையும் விற்ற காலத்தில் எழுதப்பட்டவை இவை. 'எட்டாயிரம் கிலோமீட்டர் ஓட்டிவிட்டுத் திருப்பித் தந்தால் எப்படி?' என்று பணிமனை மேலாளர் எங்களிடம் கேட்ட கேள்வியும் அவற்றில் வேறு வடிவில் கேட்கப்பட்டு, விடையும் சொல்லப்பட்டிருந்தது வியப்பளித்தது.

வாரண்டி என்பது இதற்கு மேல் வரும் ஓர் ஒப்பந்தம். ஒப்பந்தங்களை நிறைவேற்றுமாறு குர்ஆன் கட்டளையிடுகின்றது. கையேட்டில் என்ன எழுதியிருக்கின்றது என்று அதன் பிறகே முழுமையாக வாசித்தோம். பழுதான பாகத்தைச் சரிசெய்வோம் அல்லது மாற்றுவோம் என்றுதான் இருந்தது. வண்டியை மாற்றித் தருவோம் என்று எங்குமில்லை. எத்தனை நாட்களுக்குள் சரிசெய்வோம் என்றும் இல்லை.

குர்ஆனின் மிக நீண்ட வசனம் தொழுகையைப் பற்றியதோ நோன்பைப் பற்றியதோ அன்று. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்வதும் சாட்சி வைப்பதும் பற்றியது; அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம். சிறிதோ பெரிதோ எழுதுவதில் சலிப்படைய வேண்டாம் என்ற அறிவுரையும் அதில் உண்டு. அதன் பிறகு நாங்கள் எழுதத் தொடங்கினோம். பழுது வந்த நாள், நேரம், இடம், ஓடியிருந்த கிலோமீட்டர், அப்போது இருந்த வேகம், ஏசி ஓடியதா, மழையா வெயிலா என்று எல்லாவற்றையும் ஒரு நோட்டில் குறித்தோம். வண்டியை விடும்போது, நாங்கள் சொன்ன குறையை எங்கள் சொற்களிலேயே ஜாப் கார்டில் எழுதச் சொன்னோம். 'ஜெனரல் செக்கப்' என்று எழுதினால் கையொப்பம் இடவில்லை. வண்டியைத் திரும்ப எடுக்கும்போது, எந்தப் பாகம் மாற்றப்பட்டது என்ற விவரத்துடன், கட்டணம் பூஜ்யம் என்றிருந்தாலும் ரசீது கேட்டு வாங்கினோம். தொலைபேசியில் பேசியதை அன்றே மின்னஞ்சலில் எழுதி அனுப்பினோம். ஜாப் கார்டு நகலைக் கேட்டால் தயங்குகின்ற பணிமனைகள் உள்ளன. கேட்டுப் பெறுங்கள், பின்னால் அதுவே சாட்சி.

இளையவரின் யோசனை மீதுதான் நீண்ட விவாதம் நடந்தது. அநியாயம் இழைக்கப்பட்டவரைத் தவிர வேறெவரும் தீய சொல்லைப் பகிரங்கமாகக் கூறுவதை அல்லாஹ் விரும்புவதில்லை என்ற கருத்து அந்நிஸா அத்தியாயத்தில் வருகின்றது. அந்த விதிவிலக்கில் நாமும் அடங்குவோமே என்றார் அவர். இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் ரியாளுஸ் ஸாலிஹீனில், புறம் பேசுதல் அனுமதிக்கப்படும் ஆறு சந்தர்ப்பங்களைக் குறிப்பிடுகின்றார்கள். அநீதி இழைக்கப்பட்டவர், தீர்வு தரும் அதிகாரம் உள்ளவரிடம் முறையிடுவதும், பிறர் ஏமாறாமல் எச்சரிப்பதும் அவற்றில் உள்ளன. ஆகவே குறையைச் சொல்வதே பாவம் என்று நினைப்பதும் சரியன்று. ஒருவர் நபி (ஸல்) அவர்களிடம் வந்து தமக்குத் தர வேண்டிய கடனைக் கடுமையாகக் கேட்டார். தோழர்கள் அவர் மீது கோபம் கொண்டார்கள். உரிமை உள்ளவருக்குப் பேசவும் உரிமை உண்டு என்று கூறி நபியவர்கள் அவர்களைத் தடுத்தார்கள். நாம் இச்சம்பவத்தை நபியவர்களின் பெருந்தன்மைக்குச் சான்றாக மட்டும் சொல்லி நகர்ந்துவிடுகின்றோம். கேட்பவரின் உரிமையும் அதில் நிலைநாட்டப்படுவதை அதிகம் சொல்வதில்லை.

ஆனால் யாருடைய முகத்தை வெளியிடுவது? எங்களிடம் நாள்தோறும் பேசியவர் இருபத்து நான்கு, இருபத்தைந்து வயதுடைய சர்வீஸ் அட்வைசர். "பாய், பார்ட்ஸ் இன்னும் வரல. நான் என்ன பாய் செய்ய முடியும்?" என்பார். அது உண்மையும் கூட. காரைக் குறையோடு செய்தவர் அவர் இல்லை. பாகத்தை அனுப்பாமல் வைத்திருப்பவரும் அவர் இல்லை. எல்லா வாடிக்கையாளர்களின் ஆத்திரமும் வந்து விழுவதற்காகவே முன்மேசையில் நிறுத்தப்பட்டவர் போல இருந்தார். அதிகாரம் உள்ளவரிடம் முறையிடுவதற்குத் தரப்பட்ட அனுமதியைக் கொண்டு, அதிகாரமே இல்லாத ஒருவரை ஊர் முன் நிறுத்தலாகாது என்று முடிவு செய்தோம். அவருக்கு சலாமும் நலம் விசாரிப்பும். கடிதமெல்லாம் அவருக்கு மேலே. இளையவர் இதனை ஏற்க ஒரு வாரம் ஆயிற்று. இதில் ஒரு பயனும் விளைந்தது. எந்தப் பொறியாளருக்கு எழுதினால் வேலை நடக்கும் என்பதனை அந்தத் தம்பிதான் எங்களுக்குச் சொன்னார்.

நாட்டின் சட்டம் பற்றியும் சில செய்திகள். அமெரிக்காவில், திரும்பத் திரும்பப் பழுதாகும் புதிய வண்டியை எலுமிச்சை என்பார்கள். அத்தகைய வண்டியை மாற்றித் தர அல்லது பணத்தைத் திருப்பித் தர வகைசெய்யும் சட்டத்திற்கும் அதே பெயர். 1982இல் கனெக்டிகட் மாநிலம் முதலில் இயற்றியது. (நம் ஊரில் புதிய வண்டிச் சக்கரத்தின் கீழ் எலுமிச்சையை வைக்கும் வழக்கம் உண்டு, அங்கே வண்டியே எலுமிச்சை!) இந்தியாவில் வாகனங்களுக்கெனத் தனியாக அப்படியொரு சட்டம் இல்லை. 2006இல் உச்ச நீதிமன்றம் ஒரு கார் வழக்கில், பாகத்தைச் சரிசெய்வதும் மாற்றுவதுமே வாரண்டியின் கடமை என்று சொல்லி, முழு வண்டியை மாற்றித் தர இட்ட ஆணையை ஏற்கவில்லை. ஆயினும் கதவு மூடப்படவில்லை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. வாங்கிய ஊரில்தான் வழக்குத் தொடர வேண்டும் என்பதில்லை. நாம் குடியிருக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே தொடரலாம். கொடுத்த விலை 50 லட்சம் வரை இருந்தால் மாவட்ட ஆணையம் விசாரிக்கும். எங்கள் காரின் விலைக்குக் கட்டணம் 400 ரூபாய்தான். வழக்கிற்கான காரணம் எழுந்ததிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் தொடர வேண்டும் என்பதை மட்டும் மறக்கலாகாது. உற்பத்திக் குறை என்று நாம் சொன்னால் போதாது. தகுதியானவரின் பரிசோதனை அறிக்கை கேட்பார்கள். வழக்குக்கு முன், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யலாம். நாங்கள் முதலில் அதைச் செய்தோம். பின்னர் ஏழு ஜாப் கார்டுகளின் நகல்களையும் நோட்டின் பக்கங்களையும் இணைத்து, விற்றவருக்கும் தயாரித்தவருக்கும் பதிவுத் தபாலில் அறிவிப்பு அனுப்பினோம். இதில் நாங்கள் ஒரு சொல்லைக் கூட மிகைப்படுத்தவில்லை. உம்மாவுக்குச் சிகிச்சை தடைபட்டது என்று எழுதினால் வழக்கு வலுக்கும் என ஒருவர் ஆலோசனை கூறினார். சிகிச்சை ஒரு முறையும் தடைபடவில்லை. வாடகைக் கார் பிடித்தோம். அதையே எழுதினோம்.

பதினெட்டாம் நாள் மண்டல அலுவலகத்திலிருந்து ஒரு பொறியாளர் வந்தார். எங்கள் நோட்டை அரை மணி நேரம் வாசித்தார். பழுது வந்த இடங்களுள் பெரும்பாலானவை, சாலை மோசமாக இருந்த இடங்கள் அல்லது வேகத்தடையைக் கடந்த உடனே என்பதைக் கவனித்தவர் அவரே. பேட்டரித் தட்டின் கீழே, ஒயரிங் தொகுப்பு ஓர் இரும்புப் பட்டையில் உரசி, ஒரு ஒயரின் மேலுறை தேய்ந்து செம்பு தெரிந்தது. வண்டி குலுங்கும்போது அது இரும்பைத் தொடும், நின்றதும் விலகிவிடும். இத்தனைக்கும் காரணம் சுண்டுவிரல் நகமளவு தேய்மானம். ஒயரிங் தொகுப்பு முழுவதையும் மாற்றினார்கள். வாடகைக் கார் செலவைத் தர மறுத்துவிட்டார்கள். அதற்கு ஈடாக வாரண்டியை ஓராண்டு நீட்டிப்பதாக எழுத்தில் தந்தார்கள். 66,000 ரூபாய்க்காக வழக்குத் தொடரலாமா என்று மூவரும் கலந்து பேசினோம். கேட்டுப் பெறும் நிலையில் இருந்தும் விட்டுக்கொடுத்தோம். இம்முறை மூவரும் சம்மதித்து, அவரவர் பங்கை அவரவர் விட்டுக்கொடுத்தோம். அல்ஹம்துலில்லாஹ், அதன் பின் பதினொரு மாதங்களில் ஒருமுறையும் அந்த விளக்கு எரியவில்லை.

எஞ்சியது நடுவரின் யோசனை. பழுது நீடித்த நாட்களில் அதனை ஆலிம் ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டார். நமக்கு விற்றவரிடம் ஈரத் தானியத்தைக் காட்டி நியாயம் கேட்டுக்கொண்டே, அதே ஈரத்தை மூடி மற்றொருவருக்கு விற்பது எப்படி? இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் துணி வணிகர். அவர்களின் கூட்டாளி, குறையுள்ள ஒரு துணியின் குறையைச் சொல்ல மறந்து விற்றுவிட்டார் என்பதறிந்து, அந்த விற்பனையின் பணம் முழுவதையும் தர்மம் செய்துவிட்டதாக அவர்களின் வரலாற்றில் சொல்லப்படுகின்றது. நடுவர் அதன் பின் அதைப் பற்றிப் பேசவில்லை.

ஆனால் இவ்வாண்டு எங்கள் ஊருக்கு அருகிலேயே டயாலிசிஸ் வசதி வந்துவிட்டதால் பெரிய வண்டிக்குத் தேவை குறைந்தது, விற்பதென முடிவாயிற்று. அப்போது கேள்வி வேறு உருவில் திரும்ப வந்தது. சரிசெய்யப்பட்டுவிட்ட பழுதையும் சொல்ல வேண்டுமா? இப்போது வண்டியில் குறை இல்லையே! வியாபாரிகளின் வழக்கத்தில் எது பொருளின் விலையைக் குறைக்குமோ அதுவே ஐப் என்று ஃபிக்ஹு வரையறுப்பதை ஆலிம் நினைவூட்டினார். வாங்குபவர் இதனை அறிந்தால் விலையைக் குறைப்பாரா என்று எங்களையே கேட்டுப் பார்க்கச் சொன்னார். குறைப்பார் என்பதில் எங்களுக்கு ஐயமில்லை. மேலும், வந்து வந்து மறைந்த பழுது முற்றிலும் போய்விட்டது என்று சத்தியம் செய்ய எங்களால் இயலாது.

பக்கத்துத் தெருவிலிருந்து ஒருவர் பார்க்க வந்தார். ஓட்டிப் பார்த்து, பிடித்துப்போய், முன்பணம் எடுத்தார். பணத்தை வாங்கும் முன் கோப்பை அவர் கையில் கொடுத்து எல்லாவற்றையும் சொன்னோம். பணத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, இரண்டு நாள் அவகாசம் கேட்டுச் சென்றார். வரமாட்டார் என்றே நினைத்தோம். மூன்றாம் நாள், தமக்குத் தெரிந்த மெக்கானிக்கை அழைத்து வந்து, பேட்டரித் தட்டைக் கழற்றி, புதிய ஒயரிங்கைப் பார்த்துவிட்டு, பேசிய விலையில் 60,000 ரூபாய் குறைத்துக் கேட்டார். கொடுத்துவிட்டோம். ஏழு ஜாப் கார்டுகளும், நீட்டித்த வாரண்டிக் கடிதமும், அந்த நோட்டும் ஆர்.சி.யுடன் சேர்ந்து அவரிடமே சென்றன.